விர்தாவின் அம்மா மறுபடி உண்டானாள்

கர்ப்பிணி வாசற்படியில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் பிள்ளை வெளியே வரும் வழியில் நின்றுவிடும். பேய்க்கணவாய் தின்னக் கூடாது. தின்றால் அதன் கால்களைப் போலத் தொப்புள்கொடி பிள்ளையைச் சுற்றிக்கொள்ளும். கழுத்தில் துண்டு போடக் கூடாது. அந்தியில் மக்ரிப் பாங்கு கேட்கும் நேரத்தில் முற்றத்தில் நிற்கக் கூடாது. புருஷன்காரன் கோழியின் கழுத்தில் கத்தி வைக்கக் கூடாது. லொம்போக் தீவின் தென்மேற்கு மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஊரில் கூடாதுகளுக்குப் பஞ்சமே இல்லை. கர்ப்பிணி தாராளமாகச் செய்யலாம் என்று விட்டுவைத்திருந்த வேலை ஒன்றுதான்: சமையலறையில் உட்கார்ந்து பாதரசத்தைக் கொளுத்துவது.

மலையைக் குடைந்து கல் கொண்டுவருவது ஆண்கள் பாடு. அந்தக் கல்லையும் தண்ணீரையும் பாதரசத்தையும் இரும்பு உருளையில் போட்டு மூடிவிட்டால், வீட்டுக் கொல்லையில் அது பகலெல்லாம் கடகடவென்று சுற்றிக்கொண்டே இருக்கும். கல்லுக்குள் ஒளிந்திருக்கும் பொன்னைப் பாதரசம் பொறுக்கித் தன் மடியில் கட்டிக்கொள்ளும். அதைத் துணியில் ஊற்றி முறுக்கிப் பிழிந்தால் கையில் சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை மிஞ்சும். மண்சட்டியில் வைத்துத் தீயை ஊதினால் பாதரசம் புகையாகப் போய்விடும். பொன் மஞ்சளாகச் சிரிக்கும். முற்றத்தில் செய்யலாம்தான், காற்று இருக்கிறது. காற்றைவிடப் பொல்லாதது பக்கத்து வீட்டுக் கண். ஆகவே சமையலறை. அடுப்பங்கரையில் நடப்பது எதுவானாலும் பெண்பிள்ளை வேலை என்று எல்லா ஊரிலும் முடிவாகிவிட்ட விஷயம், ஆகவே ரூமெனா.

சட்டப்படி பார்த்தால் அந்த ஊரில் பாதரசமே கிடையாது. தடை செய்தாகிவிட்டது என்று ஊர்த்தலைவர் வீட்டுக் கதவில் பெரிய தாள் ஒட்டியிருந்தது. வேண்டியவர்கள் அந்தத் தாளைப் படித்துவிட்டு அதே கதவைத் தட்டி, ஷாம்பு பாட்டிலில் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ரூமெனாவை ஊரில் யாரும் ரூமெனா என்று கூப்பிடுவதில்லை. முதல் பிள்ளை பிறந்ததும் பெற்றவளின் பெயரை வாங்கிப் பரணில் போட்டுவிட்டுப் பிள்ளையின் பெயரைக் கொடுத்துவிடும் ஊர் அது. விர்தா பிறந்தாள், அன்றிலிருந்து இவள் இனாக் விர்தா, விர்தாவின் அம்மா. புருஷன் சஹ்தான், அமாக் விர்தா. தெருவில் யாராவது "விர்தா!" என்று குரல் கொடுத்தால் ரூமெனா திரும்பிப் பார்ப்பாள். விர்தா திரும்ப மாட்டாள். நாலு வயது ஆகியும் அவளுக்குக் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தது. நிற்கவில்லை, பேசவில்லை. விரல்களை மடக்கிக்கொண்டு பாயில் கிடந்து சிரித்தாள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்பதுதான் பிடிபடவில்லை.

ஊருக்கு எல்லாம் பிடிபட்டது. ஏதோ ஒரு கூடாதை ரூமெனா மீறியிருக்கிறாள். எதை என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு. தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டு மூர்னா விசாரணையை மறுபடி மறுபடி நடத்தினாள்.

"நெஜமாச் சொல்லு இனாக் விர்தா, பேய்க்கணவா ஒரு துண்டாவது வாயில போட்டிருப்ப."

"வாசனகூடப் புடிக்கலடி."

"அப்போ வாசப்படி?"

"பத்து மாசமும் தாண்டித் தாண்டித்தான் போனேன். உக்காரவே இல்ல."

"அப்போ உம் புருஷன்தான் எங்கயோ போயி கோழி அறுத்திருக்கான். ஆம்பளைங்கள நம்பவா முடியும்? தின்னது அவன், வெனை புள்ளைக்கு."

குழாயடியே சிரித்தது. ரூமெனாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள், குடம் நிறையும்வரை. இப்போது மறுபடி உண்டாகியிருந்தாள் என்பதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த விசாரணை பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றியதாக இருக்கும்.

பயம் அப்போதே வந்துவிட்டது. போன தடவை ஒரு கூடாதையும் மீறவில்லை என்பது அவளுக்குத் தெரியும். மீறியிருந்தாலாவது நிம்மதி, இந்தத் தடவை அதைத் தவிர்த்துவிடலாம். ஒன்றையும் மீறாமலே இப்படி ஆயிற்று என்றால், எதைத் தவிர்ப்பது?

அரசாங்க மருத்துவச் சாவடியில் புதிதாக வந்திருந்த நர்சம்மா ஜாவாக்காரி, பெயர் ரெட்னோ. எடை பார்த்தாள், வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, ரூமெனா தண்ணீர் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைக்கும்போது அது மேசையில் படபடவென்று அடித்துக்கொள்வதையும் பார்த்தாள்.

"கைய நீட்டுங்கம்மா. விரலை விரிச்சு."

நீட்டினாள். விரல்கள் தங்கள் பாட்டுக்கு நடுங்கின.

"எப்போலேருந்து?"

"மசக்கைங்க. வாயில வேற காசு போட்டு ஊறவச்ச மாதிரி ஒரு ருசி."

"மசக்கை விரலுக்கு வராது. வீட்டுல கொளுத்துறது யாரு?"

"நான்தான். வேற யாரு?"

"மூத்தவ வயித்துல இருந்தப்போ?"

"அப்பவும் நான்தான் நர்சம்மா. பாரம் தூக்கக் கூடாது, தண்ணி எறைக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரரோட அக்கா, அண்ணி, எல்லாத்தையும் வாங்கிக்கிட்டாங்க. உக்காந்த எடத்துல செய்யிற வேலன்னு இத மட்டும்தான் எனக்குக் குடுத்தாங்க. தங்கமான மனசு."

நர்சம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். எதிர் வீடு ஊர்த்தலைவருடையது. அவள் குடியிருக்கும் அறையும் அவருடையதுதான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அந்தப் புகை நாத்தமடிக்காது, கண்ணு எரியாது. அதனால யாருக்கும் தெரியிறதில்ல. ஒங்க ஒடம்பு அதுல கொஞ்சத்த வெளிய தள்ளிரும். உள்ள இருக்கிறதுக்குத் தள்ளத் தெரியாது. வாங்கி வச்சுக்கும். மூளை உருவாகுற நேரம் வேற."

"அப்போ விர்தா..."

"இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. இதனால இல்லன்னும் சொல்ல முடியாது. ஒங்களுக்கும் நல்லதில்ல, நரம்பு, சிறுநீரகம்னு பின்னாடி வந்து நிக்கும்."

"எனக்கு வந்தா வரட்டும். இன்னியோட நிறுத்திட்டா இது தப்பிச்சிருமா?"

"இனிமே உள்ள போறத நிறுத்தலாம். போனத எடுக்க எங்கிட்ட மருந்து இல்ல." நர்சம்மா கதவைத் திறப்பதற்கு முன் இன்னொன்றும் சொன்னாள். "நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

பேய் என்றால் ஒரு நேரம் காலம் இருக்கிறது. மக்ரிப் வேளையில் வரும், ஓதினால் போகும். இதற்கு நேரமும் இல்லை, ஓதலும் இல்லை. வீட்டுக்கு வந்த ரூமெனா சமையலறை வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். கொளுத்திய புகையெல்லாம் எங்கே போயிற்று என்று அதுவரை அவள் யோசித்ததே இல்லை. கூரை மூங்கிலில் படிந்திருந்த கரியில் இருக்கலாம். அதற்குக் கீழே கொத்தாகத் தொங்கிய பூண்டில் இருக்கலாம். திறந்து கிடந்த சோற்றுப் பானையில் இருக்கலாம். கொல்லையில், உருளை கழுவிய சேற்றுக் குட்டையில் வாத்துகள் சந்தோஷமாக முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தன. கர்ப்பிணிகள் தினம் ஒரு முட்டை சாப்பிட வேண்டும் என்று சாவடிச் சுவரில் படம் போட்டிருந்ததால், அந்த வாத்துகளின் முட்டையைத்தான் அவள் மறக்காமல் தின்றுவந்தாள்.

சஹ்தானிடம் சொன்னாள். அவன் கெட்டவன் இல்லை; கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம்.

"ஊரே கொளுத்துது," என்றான். "ஊர்ப் புள்ளைங்க எல்லாம் ஓடியாடித் திரியலையா?"

அவன் கேட்ட அந்தக் கேள்வியை ரூமெனா மனசுக்குள் எடுத்துக்கொண்டு போனாள். மேலத்தெருவில் அடிக்கடி வலிப்பு வரும் பையன் ஓடவில்லை. மசூதிக்குப் பின்வீட்டில் ஏழு வயதாகியும் ஒரு வார்த்தை பேசாத பெண் ஓடினாள், ஆனால் கூப்பிட்டால் நிற்க மாட்டாள். காற்றுப் பட்டுவிட்டது, கண் பட்டுவிட்டது, அப்பன் பாம்பை அடித்துவிட்டான் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் தயாராக இருந்தது. காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால், மிச்சமிருந்தது எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி ஒரு மண்சட்டி.

சஹ்தானின் அக்கா சக்னா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்டாள். புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்து, வீட்டைத் தாங்கிக்கொண்டிருப்பவள்.

"நான் ஒனக்கு முன்னாடியிருந்து கொளுத்துறேன். எனக்கு என்னடி ஆச்சு? கல்லாட்டம் நிக்கலையா?"

கல்லாட்டம் நின்றவளின் கையிலிருந்த காப்பித் தம்ளர் தட்டில் கிணுகிணுவென்று தாளம் போட்டது. சக்னா மூன்று தடவை உண்டானாள். பிள்ளை ஒன்றும் தங்கவில்லை. அவள் புருஷன் ஒரு தடவை செத்த பாம்பைத் தாண்டினான் என்பது ஊர் அறிந்த காரணம்.

"எதுக்கும் ஒனக்கு மனசு சரியில்லன்னா நான் கொளுத்துறேன்," என்றாள் சக்னா. "நீ உள்ள போயி படு."

கொளுத்தினாள். அதே சமையலறையில்தான். ரூமெனா படுத்திருந்த அறைக்கும் அதற்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டி. தீ ஊதும் ஸ்ஸ் என்ற சத்தம் கேட்டதும் ரூமெனா மூச்சை அடக்கிக்கொள்வாள். அடக்கிக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கிறதுக்கும் மூச்சில்லை என்பது நினைவு வரும். பதறிப்போய் ஒரேயடியாக இழுப்பாள். இழுத்தபிறகு அழுவாள். வயிற்றில் பிள்ளை அசைந்தால், துடிக்கிறதோ என்று பயம். அசையாமல் இருந்தால், அதைவிடப் பெரிய பயம். பக்கத்தில் விர்தா கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடப்பாள்.

ஏழாம் மாதம் வந்தது. முதல் பிள்ளைக்குத்தான் வயிற்றுச் சடங்கு செய்வது வழக்கம். முதல் தடவை எதுவோ குறைந்துபோனதால்தான் விர்தா இப்படி ஆனாள் என்று சக்னா முடிவு கட்டியிருந்தாள். இந்தத் தடவை ஒன்றையும் குறைய விடுவதாக இல்லை. பூப்போட்ட தண்ணீர், மஞ்சள் சோறு, இளநீர், காரமும் புளிப்புமாகப் பழக்கலவை எல்லாம் தயார். மருத்துவக் கிழவி வந்து நடுவில் உட்கார்ந்தாள். தெருப் பெண்கள் சுற்றிலும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூர்னா முன்வரிசை.

பாயில் மல்லாந்து கிடந்த ரூமெனாவின் வயிற்றில் ஒன்றன்மேல் ஒன்றாகத் துணி சுற்ற வேண்டும். முதல் துணியை, உடம்போடு ஒட்டிக் கிடப்பதை, சக்னா ஒரு மரப்பெட்டியிலிருந்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். நெருக்கமாக நெய்த, பழுப்பேறிய பருத்தித் துணி.

"நல்லாப் பாத்துக்கங்க," என்றாள் பெருமையாக. "இந்த வீட்டுப் பொன்னு பூராவும் இது வழியாத்தான் வடிஞ்சிருக்கு. இப்போ பிழியறதுக்குப் புதுசு வச்சிருக்கோம். இத நான் அலசிக் காயவச்சு, புள்ளைக்குன்னு எடுத்து வச்சேன். பொன்னாட்டம் பொறக்கணுமில்ல?"

"பொன்னு வடிஞ்ச துணி!" என்றார்கள் பெண்கள். "குடுத்துவச்ச வயிறு."

வயிற்றில் துணி பட்டபோது சில்லென்றிருந்தது. சக்னா குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, தம்பி மனைவிக்கு மட்டும் கேட்கும்படி அன்பாகச் சொன்னாள்: "விர்தாவுக்கும் இதத்தான் கட்டினேன். நீ பாத்திருக்க மாட்ட, கண்ண மூடிக்கிட்டுக் கெடந்த. அவ பொறந்தப்பறம் தூக்கிச் சுமக்கவும் இதத்தானே தோள்ல கட்டினோம்? கிழியவே கிழியாது."

மடிப்பிலிருந்து ஏதோ ஒன்று நழுவி, ரூமெனாவின் இடுப்பில் உருண்டு, பாயில் விழுந்தது. கடுகளவு வெள்ளி முத்து. விழுந்த இடத்தில் இரண்டாகி, இரண்டும் தனித்தனியாக ஓடின.

"அழகு!" என்றாள் மூர்னா. "நல்ல சகுனம்டி. ரெட்டப் புள்ளையா இருக்கும்."

ரூமெனா எழுந்துவிட்டாள். சடங்கு முடியுமுன் வயிற்றுக்காரி எழுந்ததை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. முடிச்சு அவிழவில்லை; நகத்தால் பிறாண்டினாள், துணியை இடுப்புக்குக் கீழே தள்ளி, காலால் மிதித்து வெளியே வந்தாள். பூத்தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து பாயெல்லாம் ஓடியது. மருத்துவக் கிழவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாவி, பாவி! பாதியில அவுத்தா புள்ளைக்கு ஆகாதுடி!"

"கட்டினதுக்கு ஆனதப் பாத்துட்டேன்ல!" ரூமெனாவின் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "அந்தப் பாய்ல கெடக்கிறாளே, அவதான் கட்டினதோட பலன்! புகையாவும் போச்சு, துணி வழியாவும் போச்சு, எம்புள்ள மூளைக்குள்ள போயி உக்காந்துக்கிச்சு. நான் எந்தக் கணவாயத் தின்னேன்? எந்த வாசப்படியில உக்காந்தேன்? இதுதான் தின்னுச்சு எம்பொண்ண." மூச்சு வாங்கியது. சக்னாவைப் பார்த்துவிட்டாள். சொல்லியிருக்க வேண்டாம், ஆனாலும் வாய் நிற்கவில்லை. "அண்ணி, ஒங்க மூணையும் இதுதான் தின்னுச்சோ என்னமோ."

"வாய மூடுடி," என்றாள் சக்னா. அதட்டலாகத் தொடங்கிய குரல் பாதியில் உள்ளே போய்விட்டது. கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். முந்தானையும் நடுங்கியது.

விருந்தாளிகள் கலையும்வரைகூட ரூமெனா காத்திருக்கவில்லை. விர்தாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வெறும் கையால் அணைத்தபடி, மேட்டுச் சோளக்கொல்லைக்கு நடந்தாள். அங்கே பன்றி விரட்டுவதற்காகப் போட்ட ஒரு குடிசை இருந்தது. கீழே ஊர் முழுக்க உருளைகள் சுற்றும் சத்தம் அங்கேயும் லேசாகக் கேட்டது. மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. அந்தக் காற்றைக்கூட அவள் ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டாள்.

பிசாசு பிடித்துவிட்டது என்றது ஊர். ஊர்த்தலைவர், நர்சம்மாவிடம் யாராவது ஏதாவது பேசினார்களா என்று விசாரித்தார். நர்சம்மா தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். ஆனால் மாதா மாதம் எடை பார்க்கும் தராசைத் தானே தூக்கிக்கொண்டு, உடற்பயிற்சிக்காக நடப்பதுபோல மேட்டுக்கு வந்துபோனாள்.

அரிசி கொண்டுவந்த சஹ்தானைக் குடிசைக்குப் பத்தடி தள்ளியே நிறுத்திவிட்டாள் ரூமெனா. ஓடையில் குளித்து, வேறு துணி மாற்றினால்தான் உள்ளே.

"பொண்டாட்டி பக்கத்துல வர்றதுக்குப் பள்ளிவாசல் போற மாதிரி கைகால் கழுவணுமா?"

"பள்ளிக்குப் போறப்பகூட நீங்க இம்புட்டு நல்லாக் கழுவினதில்ல. நகத்துக்கு அடியிலயும் தேய்ங்க."

தேய்த்தான். தேய்த்துக்கொண்டே ஒருநாள் சொன்னான்: கொளுத்தும் சட்டி சமையலறையிலிருந்து எங்கோ ஓடைக்கு அப்பால் போய்விட்டதாம், அக்காதான் தூக்கிக்கொண்டு போனாளாம். ஏன் என்று கேட்டதற்கு, சமையலறையில் இடம் இல்லை என்றாளாம். சக்னா மேட்டுக்கு வரவே இல்லை.

பிள்ளை சாவடியில் பிறந்தது. பையன். பிறந்த வேகத்தில் வீறிட்டு அழுதான். சஹ்தான் வாசலில் சிரித்தான். நர்சம்மா எடை நன்றாக இருக்கிறது என்றாள். ரூமெனா மட்டும் சிரிக்கவில்லை. விர்தாவும் இப்படித்தான் வீறிட்டாள். விர்தாவுக்கும் எடை நன்றாகத்தான் இருந்தது. தாய்ப்பால் கொடு, நிறுத்தாதே என்றாள் நர்சம்மா. கொடுத்தாள், தன் உடம்பில் என்னவெல்லாம் பாக்கி இருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டே கொடுத்தாள்.

மேட்டுக் குடிசைக்கே திரும்பிப் போனாள். பிள்ளைக்குக் கழுத்து நிற்கும் மாதம் ஒன்று இருக்கிறது, குப்புற விழும் மாதம் ஒன்று இருக்கிறது. மற்றத் தாய்மார்கள் அவற்றை எதிர்பார்த்து இருப்பார்கள். ரூமெனா அவை வந்துவிடுமே என்று பயந்து இருந்தாள், வந்தால் தெரிந்துவிடும். தினமும் பையனின் காதருகே கை தட்டினாள். ஒருநாள் திரும்பினான். மறுநாள் திரும்பவில்லை. தூக்கமோ, பசியோ, அதுவோ? அதிகம் தூங்கினால் எழுப்பிப் பார்த்தாள். அழுதால் நெஞ்சு குளிர்ந்தது.

ஒருநாள் காலை சோளத்தட்டைகளுக்கு நடுவே ஓர் உருவம் ஏறி வந்தது. தலையில் சுருட்டிய பாய், கக்கத்தில் தலையணை. மூர்னா.

"என்னடி இந்தப் பக்கம்?"

"சும்மா. காத்து வாங்கலாம்னு."

"தலகாணியோடயா?"

மூர்னா சிரிக்கப் பார்த்தாள். பாயை இறக்கிவைத்துவிட்டு அதன் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"தள்ளிப்போயிருக்கு," என்றாள் கடைசியில். "ரெண்டு மாசம். வீட்டுல இன்னும் சொல்லல."

"கொளுத்தினியா?"

"நேத்து வரைக்கும்."

 விர்தா வெயிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தாள். ரூமெனாவின் மடியில் பையன் பால் குடித்த மயக்கத்தில் பாதிக் கண் திறந்திருந்தான். மூர்னா அவன் முகத்துக்கு நேரே விரலைச் சொடுக்கினாள். மறுபடி சொடுக்கினாள்.

"இவன் நல்லாத்தானே இருக்கான்? சொல்லு இனாக் விர்தா. நல்லாத்தானே இருக்கான்?"

ரூமெனா காற்று வரும் பக்கமாக விரித்திருந்த தன் பாயைச் சுவரோரம் இழுத்து, பக்கத்தில் இன்னொரு பாய் விரிக்க இடம் விட்டாள்.